குடிவழி தேடல்

ஆற்றைக் கண்டவர் அதன் ஊற்றைக் காண விழைவர்; மரத்தைக் கண்டவர் அதன் வேரை எண்ணிப் பார்ப்பர். அதுபோலவே மனிதனும், தன் முன்னோர் யாவர், அவர்கள் எங்கிருந்து வந்தனர், எக்காரணத்தால் வந்தனர் என்று அறிய விரும்புகின்றான். இவ்விருப்பம் கற்றவர்க்கு மட்டும் உரியதன்று. எழுத்தறியாத மக்களும் தம் குடியின் வரலாற்றைக் கதையாகவும் சடங்காகவும் போற்றிக் காத்து வந்துள்ளனர். அவ்வாறு காக்கப்பட்ட வரலாறு ஒன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இன்றும் வழங்கி வருகின்றது.

மலையும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களுக்கு இடையே அது பரந்து கிடக்கின்றது. கோமுகி ஆறு இம்மலையில் தோன்றிக் கச்சிராயபாளையத்தின் அருகே அணையில் தேங்கிப் பின்னர்ச் சமவெளி வயல்களை வளப்படுத்துகின்றது. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன மலைச்சரிவுகளில் விளைகின்றன. கடுக்காயும் தேனும் காட்டிலிருந்து கிடைக்கின்றன. வெள்ளிமலை என்னும் ஊர் இம்மலைப்பகுதிக்குத் தலைமை இடமாகும்.

இங்கு வாழும் மக்கள் மலையாளிகள் என்று பெயர் பெறுவர். பெயரைக் கேட்ட அளவில் இவர்கள் கேரளத்தைச் சேர்ந்தவர்கள் என்று சிலர் மயங்குவர். அது பொருந்தாது. இவர்களுடைய தாய்மொழி தமிழே. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளிலேயே இப்பெயர் அமைந்துள்ளது. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாதுமலை ஆகியவற்றிலும் இம்மக்கள் வாழ்கின்றனர். தமிழகத்துப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் மிக்கவர்கள் இவர்களே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டது.

தலைமுறைகளாக மலையில் வாழும் இம்மக்களைப் பார்த்து, “உங்கள் முன்னோர் யார்?” என்று வினவினால், முதியோர் பலர் தரும் விடை வியப்பளிப்பதாகும். “நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள்” என்பர். காராளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதும், கவுண்டர் என்று பட்டம் சூட்டிக்கொள்வதும், கரியராமரைத் தெய்வமாக வணங்குவதும் அவர்கள் மரபு. மலையில் இருப்போர், நெடுந்தொலைவில் உள்ள ஒரு சமவெளி நகரத்தைத் தம் தாயகமாகக் கூறுவது ஏன்? அதனை ஆராய்வது பயனுடையது.

வாய்மொழிக் கதைகள்

மலையாளிகளின் வரலாறு ஒரே கதையாக வழங்கவில்லை. மலைக்கு மலை அது வேறுபடுகின்றது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் மாவட்டங்களைப் பற்றி நூல் எழுதிய அலுவலர்கள் அக்கதைகளைக் கேட்டுப் பதிவு செய்தனர். 1909ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் என்பார், இரங்காச்சாரியாரின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிலும் இக்கதைகள் இடம்பெற்றுள்ளன.

ஒரு கதையின்படி, ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன், தென்னாட்டில் முகம்மதியர் ஆட்சி ஓங்கியிருந்தபோது, காஞ்சியில் வாழ்ந்த வேளாளர் சிலர் தம் தெய்வத்தோடு புறப்பட்டு மலைநாட்டை அடைந்தனர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் அவர்களுள் இருந்தனர். சேர்வராயன், கொல்லி, பச்சை என்னும் மூன்று மலைகளுக்கும் அவர்கள் பிரிந்து சென்றனர். அம்மூவர் வழிவந்தோரே அம்மலைகளில் வாழும் மலையாளிகள் என்பர்.

சவ்வாதுமலையில் வழங்கும் கதை இதனினும் உருக்கமானது. சக ஆண்டு 1055இல், அஃதாவது கி. பி. 1133ஐ ஒட்டிய காலத்தில், கங்குந்தி என்னும் இடத்து வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனராம். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர் கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். “நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் இறந்தோம் என்று கருதி ஈமக்கடன் செய்துவிடுங்கள்” என்று தம் மனைவியரிடம் கூறிச் சென்றனர். வழியில் பாலாறு பெருகி ஓடியது. வீரர் எழுவரும் அரிதின் முயன்று அக்கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி தூரம் நீந்திய பின் அஞ்சி மீண்டு, காஞ்சிக்கே திரும்பிவிட்டன.

வேடரை வென்று ஊர் திரும்பிய வீரர்கள் கண்டது என்ன? ஊரார் அவர்களை இறந்தவர்களாகக் கருதிச் சடங்கு முடித்திருந்தனர். மனைவியர் தாலி களைந்து கைம்மைக் கோலம் பூண்டிருந்தனர். உயிரோடு நின்றும் ஊரில் அவர்களுக்கு இடமில்லை. அந்நிலையில் அவர்கள் வேடர் குலப் பெண்டிரை மணந்து, சவ்வாதுமலை ஏறி, நிலம் திருத்திப் பயிர் செய்து வாழலாயினர் என்று அக்கதை முடிகின்றது.

தென்னார்க்காட்டு மலையாளிகளிடையே மற்றொரு செய்தி வழங்கியது. 1906ஆம் ஆண்டில் வெளியான தென்னார்க்காட்டு மாவட்ட நூல் அதனைக் குறிக்கின்றது. மலையில் முன்பு வேடர் வாழ்ந்தனர் என்றும், வந்தேறிய காஞ்சி மக்கள் வேட ஆடவரைக் கொன்று அவர்களுடைய பெண்டிரை மணந்தனர் என்றும் சொல்லப்பட்டது. அதனை நினைவூட்டும் வகையில் திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி சுடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. ஏட்டில் எழுதப்படாத ஒரு பழைய துயரம் இவ்வாறு மணவீட்டில் ஒரு வெடியோசையாக நிலைத்திருந்தது!

கதையை ஆராயும் முறை

இக்கதைகளை முழுதும் உண்மை என்று ஏற்பதும் தவறு; முழுதும் பொய் என்று தள்ளுவதும் தவறு. நடுநின்று ஆராய்வதே அறிவுடைமை.

முதலில் காலத்தை நோக்குவோம். சவ்வாதுமலைக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டைக் குறிக்கின்றது. பத்துத் தலைமுறை என்னும் கதையோ, தலைமுறைக்கு இருபத்தைந்து அல்லது முப்பது ஆண்டுகள் என்று கொண்டால், பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி வருகின்றது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. ஆகவே இரண்டும் ஒரே நிகழ்ச்சியைக் குறித்தல் இயலாது. மக்கள் ஒருமுறையன்றிப் பலமுறை, சிறுசிறு கூட்டமாக மலையேறியிருக்கலாம். அன்றி, பத்து என்பது ‘நெடுங்காலம்’ என்னும் பொருளில் சொல்லப்பட்டிருக்கலாம்.

அடுத்து, கதை கூறும் சூழ்நிலை வரலாற்றோடு பொருந்துகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீசப்பூர், கோல்கொண்டாப் படைகள் வடதமிழகத்தில் புகுந்தன. செஞ்சிக் கோட்டை பீசப்பூர் வசமாயிற்று. பின்னர், 1688இல் முகலாயப் படைக்கு அஞ்சிக் காஞ்சி வரதராசப் பெருமாளின் திருமேனியை அன்பர்கள் மறைவாக எடுத்துச் சென்று உடையார்பாளையத்தில் வைத்துக் காத்தனர். 1710இல் அது மீண்டும் காஞ்சியை அடைந்தது. போருக்கு அஞ்சி ஊரை விட்டு நீங்கியவர் தம் தெய்வத்தையும் உடன் கொண்டு செல்லுதல் அக்காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது என்பது இதனால் புலனாகின்றது. ஆயினும் ஒன்று நிகழக்கூடியது என்பதனாலேயே அது நிகழ்ந்தது என்று முடிவு செய்தல் கூடாது. கல்வெட்டோ ஏடோ கிடைக்கும்வரை அதனை நம்பத்தகும் மரபுச் செய்தி என்று கொள்வதே முறை.

எழுத்தில் உள்ளதெல்லாம் மெய் என்று கருதுவதும் பிழையே. சோழ மன்னனாகிய முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, அவனுடைய குடிவழியைக் கதிரவனிலிருந்தே தொடங்குகின்றது. செம்பில் பொறித்தமையால் அது வரலாறாகிவிடாது. அதே செப்பேட்டின் பிற்பகுதியில் கூறப்படும் அண்மைக்கால அரசர் வரிசை வரலாற்றுக்குப் பெரிதும் துணை செய்கின்றது. புகழுக்காகச் சொல்லப்பட்டதையும் அறிந்து சொல்லப்பட்டதையும் பிரித்துணர்தல் ஆராய்ச்சியாளன் கடமையாகும்.

கதையில் வரும் நாயும் வெறுங்கற்பனை என்று ஒதுக்கத்தக்கதன்று. செங்கம் வட்டாரத்தில் பல நடுகற்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் ஒன்று ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்வரோடு அது போராடிய செயலும் பொறிக்கப்பட்டுள்ளன. நாயின் துணையோடு சென்று கவர்ந்ததை மீட்ட வீரரைப் போற்றும் நாட்டில், ஏழு நாய்களின் கதை தோன்றியதில் வியப்பில்லை.

கடல் கடந்த ஒரு சான்று

குடிவழி தேடும் முயற்சி உலகெங்கும் காணப்படுவது. இதற்கு அமெரிக்க நாட்டில் வாழும் ஸ்காத்து – ஐரிஷ் மக்கள் சிறந்த எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் சேம்சு மன்னர் காலத்தில், ஸ்காத்லாந்தின் சமவெளிக் குடியானவர் பலர் அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டரில் குடியேற்றப்பட்டனர். 1718ஆம் ஆண்டு தொடங்கி அவர்களுடைய வழித்தோன்றல்கள் பெருந்தொகையினராக அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். குத்தகை உயர்வும், விளைச்சல் குறைவும், சமயத் துறையில் நேர்ந்த இடர்களும் அவர்களை வெளியேறச் செய்தன. அங்கும் அவர்களுள் பலர் அப்பலாச்சிய மலைப்பகுதியிலேயே நிலம் திருத்திக் குடியமர்ந்தனர். சமவெளியில் பிறந்து மலையில் நிலைத்த குடி என்ற வகையில் அவர்களும் கல்வராயன் மலை மக்களும் ஒப்புமை உடையர்.

அம்மக்கள் இன்று தம் முன்னோரைத் தேடுங்கால் பெருந்தடை ஒன்றை எதிர்ப்படுகின்றனர். 1922ஆம் ஆண்டு சூன் திங்களில், உள்நாட்டுப் போரின்போது, தப்ளின் நகரத்து ஆவணக்களரி தீக்கிரையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக் குடிக்கணக்குகளும், திருச்சபைப் பதிவேடுகளும், விருப்ப ஆவணங்களும் சாம்பலாயின. எனினும் சில செய்திகள் பிழைத்தன. எவ்வாறு? அவற்றை முன்னரே யாரோ ஒருவர் படியெடுத்து வேறிடத்தில் வைத்திருந்தார். 1660களில் அடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி வாங்கிய கணக்கின் சில பகுதிகள் இவ்வாறே தப்பின. மூலம் அழிந்தாலும் படி வாழும் என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

தமிழரிடையேயும் இத்தகைய தேடல் உண்டு. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். தமிழ் மாவட்டத்தினர் அவர்களுள் மிகப் பலர். ஒவ்வொருவருடைய பெயர், தந்தை பெயர், அகவை, ஊர், மாவட்டம் ஆகியன கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. கூலிக் கணக்கிற்காக எழுதப்பட்ட அப்பட்டியலே இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்க்குத் தாயகத்தைக் காட்டும் கைவிளக்காக விளங்குகின்றது. எழுத்தர் காதில் விழுந்தவாறு ஊர்ப்பெயரைப் பிழைபட எழுதிய இடங்களில் மட்டும் அவ்விளக்கு மங்குகின்றது.

கல்வராயன் மலையின் ஆவணங்கள்

கல்வராயன் மலை மக்களுக்கு அத்தகைய பட்டியலும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தாரர் மரபினரின் ஆட்சியில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்கே வரி செலுத்தினர். நாடு விடுதலை பெற்ற பின்னரும் அம்முறை உடனே நீங்கவில்லை. 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல்தான் இம்மலை அரசின் நேர்நிருவாகத்தின்கீழ் முழுமையாக வந்தது. ஆதலின் சமவெளிக் குடும்பங்களிடம் இருப்பது போன்ற பழைய பட்டாவும் நிலக்கணக்கும் மலைக்குடும்பங்கள் பலவற்றிடம் இல்லை.

இருக்கும் ஆவணங்களைத் தேடுவதற்கும் ஒரு தெளிவு வேண்டும். மலையூர் ஒன்று தன் இடத்தினின்று நகரவில்லை; ஆனால் அதன் மாவட்டப் பெயர் மாறிவிட்டது. 1993க்கு முன் அது தென்னார்க்காடு மாவட்டம்; அதன்பின் விழுப்புரம் மாவட்டம்; 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். தாத்தாவின் பெயரைத் தேடுபவர் எந்த ஆண்டின் ஆவணத்தைத் தேடுகின்றாரோ அந்த ஆண்டின் மாவட்டத்தை அறிந்து தேடுதல் வேண்டும். பழைய அரசு ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றன.

உரிமையும் மரபும்

முன்னோரை அறிவது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணலாகாது. மலைமக்களுக்கு அது வாழ்வுரிமையோடு தொடர்புடையது. அரசியலமைப்பின்வழி வந்த பட்டியலில், தருமபுரி, வடார்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே பழங்குடியினர் என்று குறிக்கப்பட்டுள்ளனர். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகளின் பகுதி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆதலின் ஒரே மொழியும் ஒரே வழக்கமும் உடைய மக்களுள் ஒரு சாரார்க்குக் கல்விச் சலுகை கிடைக்க, மற்றொரு சாரார் நெடுங்காலமாக அதற்கு விண்ணப்பித்து வரலாயினர். காகிதத்தில் இடப்பட்ட ஓர் எல்லைக்கோடு உறவினரைப் பிரித்த கொடுமை இது.

“காஞ்சியிலிருந்து வந்தோம் என்பவர் பழங்குடியினர் ஆவரோ?” என்று கேட்பாரும் உளர். அவ்வினா பொருந்தாது. தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூசும் இயல்பு, பின்தங்கிய நிலை ஆகியவற்றையே 1965இல் லோக்கூர் குழு பழங்குடியை அறியும் அடையாளங்களாகக் கொண்டது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் முன்னோன் ஒருவன் எவ்வூரில் இருந்தான் என்பது அவற்றுள் ஒன்றன்று. மலையேறிய குடி, மலையிலேயே பிறந்து வளர்ந்து, மலைவாழ்வைத் தன் வாழ்வாக்கிக் கொண்டது. அதுவும் அதன் வரலாறே.

2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் முதியோர் சொல்லுக்கு ஒரு மதிப்பை அளித்துள்ளது. காட்டுநிலத்தைத் தலைமுறையாக உழுது வருவோர் தம் உரிமையை நிலைநாட்டக் காட்டக்கூடிய சான்றுகளை அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. அரசு ஆவணங்களோடு, பழங்கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியனவும் சான்றாகும். பழைய நிலக்கணக்கில் காணப்படும் ஒருவரோடு தொடர்பு காட்டும் குடிவழிப் பட்டியலும் சான்றாகும். விண்ணப்பிப்பவரல்லாத முதியோர் கூறி, எழுத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலமும் சான்றாகும். பாட்டியின் நினைவு பேரனின் நிலத்தைக் காக்கும் காலம் இது. அந்நினைவை எழுதி வைக்காமல் பாட்டி மறைந்துவிட்டால் ஓர் ஆவணக்களரியே எரிந்துபோனதற்கு அது ஒப்பாகும்.

தேடுவோர் அறிய வேண்டுவன

குடிவழியைத் தேடப் புகும் மாணவர் தம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். புகழ்பெற்ற மன்னனையோ புலவனையோ முதலில் தேர்ந்துகொண்டு அவனிடமிருந்து தம்மை நோக்கி வருதல் கூடாது. தந்தைவழியோடு தாய்வழியையும் எழுதிக்கொள்ளல் வேண்டும். யார் பங்காளி, யார் மாமன் மைத்துனன் என்று கேட்டறிந்தால், மறைந்துபோன உறவுகளும் வெளிப்படும். குலதெய்வக் கோயில் எங்குள்ளது என்று கேட்டால், குடும்பம் முன்னர் வாழ்ந்த ஊர் புலப்படுதலும் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நிலப்பத்திரம், கல்லறை எழுத்து ஆகியவற்றையும் பார்த்தல் நலம். நேரில் கண்டவர் சொன்னது, செவிவழி கேட்டது, எழுத்தில் இருப்பது என்று செய்திகளை மூவகையாகப் பிரித்து எழுதினால் பின்னால் வருவோர் மயங்கார்.

மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. ஒருவனுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்க்கு முந்தியோர் எண்மர். இவ்வாறு பெருக்கிச் சென்றால் பத்தாம் தலைமுறையில் முன்னோர் தொகை 1,024 ஆகின்றது. அவர்களுள் ஒருவர் காஞ்சி வேளாளர் என்றால், மற்றொருவர் மலைவேடர் மகள். சவ்வாதுமலைக் கதையே இதனை ஒப்புக்கொள்கின்றது அன்றோ? எனவே, ‘என் குருதி தூயது, பிறர் குருதி இழிந்தது’ என்று கூறுவோர் கணக்கும் அறியார், வரலாறும் அறியார். இக்கால அறிவியலும் இதற்குத் துணை நிற்கின்றது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் மரபுக்கூறும், தாயிடமிருந்து மக்கட்குச் செல்லும் மரபுக்கூறும் ஒருவர் உடலிலேயே வெவ்வேறு வழிகளைக் காட்டக்கூடும்.

வேரைத் தேடுவது பிறரைத் தாழ்த்துவதற்கு அன்று. தன்னை அறிவதற்கும், தன்னைப் போலவே பிறரும் வழிநடந்து வந்தவர் என்று உணர்வதற்குமே ஆகும். கல்வராயன் மலையின் முதியோர் தம் காஞ்சிக் கதையை ஏட்டின் துணையின்றிப் பல தலைமுறை காத்தனர். எழுதக் கற்ற இளைஞர், அதனை அம்முதியோர் வாயிலிருந்து கேட்டு, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைத்தல் வேண்டும். முன்னோர்க்குச் செய்யும் கடன்களுள் அதுவும் ஒன்றாகும்.